தேவநேசன் லூப்

தேவநேசனுக்குச் சர்க்கரை வந்திருப்பது தெரிந்ததும் ஈவ்லின் அவரை நடக்கச் சொன்னாள். அவர் சைக்கிள் வாங்கினார்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஐம்பது தாண்டிய ஒருவர் காலையில் கையை வீசி நடந்தால், "என்ன சார், ஷுகரா?" என்று பரோட்டாக் கடைக்காரர்கூடக் கேட்பார். சைக்கிளில் அந்தத் தொல்லை கிடையாது. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய மஞ்சள் சட்டை. பார்க்கிறவர்கள் என்னவோ நினைப்பார்கள். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஈவ்லின் நர்ஸ். நோயாளிகள் சொல்லும் காரணங்களை நம்பி அவளுக்குப் பழக்கமில்லை.

"நடக்க வெக்கமா இருக்கு. இந்த டவுசரப் போட்டுக்க வெக்கமில்லயா?"

"இது டவுசர் இல்ல ஈவ்லின். உள்ள பேட் இருக்கு. தூரம் போறவங்க போடறது."

"வார்டுல தினம் மாத்தி விடறேன், எனக்குத் தெரியாதா அது என்னன்னு?"

அவர் தாத்தாவும் அப்பாவும் மைசூரிலேயே பிறந்தவர்கள். அதற்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள்; எந்த ஊர் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. தேவநேசன் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது மேலாளர் மற்றவர்களிடம் "அவசரப்படாதீங்க" என்றார். தேவநேசனிடம் "நல்ல சான்ஸ்" என்றார். தேவநேசன் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் தேவதாசன் என்று சொல்லி மாலை போட்டார்கள். அவர் திருத்தவில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர் குரல் எழும்பும். சபையின் அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் விடுகிறவர் அவர்தான். தசராக் கூட்டம் ஊரைவிட்டுப் போனபின், பள்ளித் தேர்வுகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், பிரசங்கம் செய்ய வெளியிலிருந்து சிறப்புச் செய்தியாளர் ஒருவர் கிடைக்கும் ஞாயிறாகப் பார்த்துக் கமிட்டி அந்தப் பண்டிகையை வைக்கும். ஆலயத் தூண்களில் கரும்பு கட்டுவார்கள். பலிபீடத்தின் முன் பூசணி, வாழைத்தார், நெற்கதிர், தேங்காய். எல்லாம் முந்தின நாள் மாலை தேவராஜ மார்க்கெட்டில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தவை. "நிலத்தின் முதற்பலனை" என்று போதகர் ஜெபிப்பார். அந்தச் சபையில் நிலம் என்றால் விஜயநகரில் வீட்டுமனை. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியதும் தேவநேசன் வேறு மனிதராகிவிடுவார். பூசணியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி டாக்டர்களையும் புரொபசர்களையும் பெயர் சொல்லி அதட்டுவார். மறுநாள் பழைய குரல் திரும்பிவிடும்.

சைக்கிள் வாங்கியபின் அவர் 'காவேரி வீல்ஸ்' குழுவில் சேர்ந்தார். பல் டாக்டர்கள், மென்பொருள் மேலாளர்கள், ஒரு கண் டாக்டர், ஒரு நகைக்கடைக்காரர். தலைவன் தீபக். அவனுடைய அப்பா சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். கேரியரில் சாந்துச்சட்டி கட்டிய சைக்கிளில் வாழ்நாள் முழுக்கப் போனவர். கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எதுவும் இல்லாத சைக்கிளுக்குத் தீபக் ஒரு காரின் விலையைக் கொடுத்திருந்தான். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விலை என்பது அவன் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

குழுவில் ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட வேகத்துக்குக் குறைந்தவர்கள் உறுப்பினராக இருக்க முடியாது. பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. தேவநேசனின் வேகம் பால்காரர்களின் வேகம். ஆகவே அவருக்கு ஒரு பொறுப்பு தேவைப்பட்டது. அதை அவரே உண்டாக்கிக்கொண்டார். வழி கண்டுபிடிப்பது.

வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆஷ்லி போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள். காவிரியும் கபினியும் பச்சையாகக் கிடக்கும். அவற்றை ஒட்டிக் கால்வாய்கள். கால்வாய்க் கரையில் நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு தெரிந்தால், மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாசனத் துறை ஜீப் போவதற்காகத் தார் போட்ட ரோடுகள். மேடு கிடையாது, லாரி கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். டி. நரசிபுராவில் ஆறுகள் சேரும் இடம் வரை அப்படிப் போகலாம். தலக்காடு போகலாம். அங்கிருந்து அக்கரைக்குப் போய்க் கொள்ளேகால் பக்கம் இறங்கலாம். குழுவுக்கு அந்த ரோடுகள் பிடித்துவிட்டன. "எம்ப்ட்டி ரோடு அங்கிள், சூப்பர்" என்றார்கள். அவர்கள் கணக்கில் காலி ரோடு என்றால் கார் இல்லாத ரோடு. மாடு, ஆடு, துணி துவைப்பவர்கள், குறுக்கே உட்கார்ந்து பீடி பிடிப்பவர்கள் எல்லாம் இயற்கைக் காட்சி.

தேவநேசன் ரூட் கேப்டன் ஆனார். வாட்ஸ்அப்பில் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு தவறு நடந்தது. அவர் கண்டுபிடித்த ஒரு கால்வாய் ரோடு பம்ப் ஹவுஸ் வாசலில் முடிந்துவிட்டது. கேட் பூட்டியிருந்தது. பல் டாக்டர்கள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கரும்புக் காட்டைத் தாண்டினார்கள். தீபக் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வைஷாலி என்ற பெண்ணைப் பற்றிச் சொன்னபோது சேர்த்துச் சொன்னான்.

வைஷாலி பெங்களூரில் இருந்தாள். நாட்டின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் தார் ரோட்டில் சைக்கிள் போகும் வழிகளாகத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் ஒரு காலண்டர் போடுவாள். அதில் வந்த வழிகளுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். வழியைக் கண்டுபிடித்தவரின் பெயரையே அந்த வழிக்கு வைப்பது அவள் வழக்கம். ஜனவரியில் அவள் ஒரு கூட்டத்தோடு வந்து தேவநேசனின் தலக்காட்டு வழியை ஓட்டிப் பார்க்கப் போகிறாள்.

"ஓகே ஆச்சுன்னா தேவநேசன் லூப்," என்றான் தீபக். "மேப்புல உங்க பேர் இருக்கும் அங்கிள். பெர்மனென்ட்டா."

தேவநேசன் தண்ணீர் குடித்தார்.

"ஆனா ஒண்ணு. இந்த தடவ ஏனாதரூ எடவட்டு ஆச்சுன்னா, ஏதாவது சொதப்புச்சுன்னா, கேப்டன் பொறுப்ப வேற ஆளுக்குக் குடுக்கணும். பசங்க கேக்கறாங்க. கரும்புக் காட்ட யாரும் மறக்கல."

பொறுப்பு போனால் விலக்கு போகும். விலக்கு போனால் வேக விதி. தேவநேசன் கணக்குப் பிரிவில் இருந்தவர். கூட்டிப் பார்க்க நேரமாகவில்லை. ஒன்று, தேவநேசன் லூப். இல்லையென்றால் கையை வீசி நடப்பது.

வீட்டில் சொன்னார்.

"ரோட்டுக்கு உங்க பேரா?" என்றாள் ஈவ்லின். "ரோடு போட்டவன் பேரு என்ன?"

"அது கவர்மென்ட்டு."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"கண்டுபிடிச்சேன்."

"அங்க இருக்கற ஜனங்களுக்கு இவ்ளோ நாளா தெரியாமயா இருந்துச்சு?"

வைஷாலி ஒருமுறை போனில் பேசினாள். விவரமானவள். மராட்டியத்தில் ஒரு பயணத்தின்போது ரோடு முழுக்க வெங்காயம் காயப்போட்டிருந்ததைச் சொல்லி, "உங்க சைடு ஜனவரில அறுவடை இருக்குமா சார்?" என்று கேட்டாள்.

தேவநேசனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அறுப்பு அக்டோபர்லயே முடிஞ்சுது மேடம். நானே ஏலம் விட்டேன். வாழை, பூசணி, நெல்லு, எல்லாம்."

மறுமுனையில் மரியாதை கூடிவிட்டது. "ஓ, உங்களுக்கு ஃபார்ம் இருக்கா சார்?"

"சபைக்கு" என்று தொடங்கியவர், "இருக்கு" என்று முடித்தார்.

ரோட்டை அவர் மே மாதம் பார்த்திருந்தார், ஆகஸ்டில் இன்னொரு தடவை பார்த்திருந்தார். இரண்டு தடவையும் அது கழுவி வைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. போதும் என்று விட்டுவிட்டார்.

ஜனவரி ஞாயிறு வந்தது. சபையில் அன்று அவருக்குக் காணிக்கை எண்ணும் முறை. வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். ஐம்பது அறுபது பேர். சிட்டுக்குருவி நிறத்தில் ஒருவரும் இல்லை, எல்லோரும் மீன்கொத்திகள். வருணா கால்வாய் வரை தேவநேசன் முன்னால் போனார். பிறகு ஒவ்வொருவராக "லெஃப்ட் அங்கிள்", "ரைட் அங்கிள்" என்று தாண்டிப் போனார்கள். தலக்காட்டில் எல்லோரும் இட்லிக்கு உட்கார்ந்தபோதுதான் அவர் போய்ச் சேர்ந்தார். உட்கார்ந்தால் மறுபடி கடைசி. சாப்பிடாமல் கிளம்பினார். ஆற்றைத் தாண்டி, கெம்பதொட்டி என்ற ஊரில் தேங்காய்த் தோப்பும் ஆறும் ஒன்றாகத் தெரியும் வளைவு ஒன்று இருந்தது. வைஷாலி அங்கே வரும்போது தாம் அங்கே நின்றிருக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

வளைவில் ரோடு இல்லை.

ரோடு இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மெத்தை கிடந்தது. முழங்கால் உயரம். அடுத்த வளைவு வரை கொள்ளுச்செடியைப் பிடுங்கி வந்து பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஓரமாக நழுவிப் போய்விடாதபடி இரண்டு பக்கமும் பெரிய கற்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு டெம்போ அதன்மேல் படகு மாதிரி ஆடிக்கொண்டு போனது. சக்கரங்களின் கீழே காய்கள் வெடித்தன. புளியமரத்தடியில் கையில் கவைக்கோலோடு ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் ராமக்காள் என்பது பிறகு தெரிந்தது.

கொள்ளேகால் பக்கத்துச் சில ஊர்களில் தமிழ் பேசுவார்கள் என்று தேவநேசனுக்குத் தெரியும். இருந்தும் கன்னடத்தில்தான் தொடங்கினார். பதட்டத்தில் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

"தமிழ்லயே சொல்லுங்க சாமி," என்றாள் அவள். "மொகத்தப் பாத்தா தெரியுது."

"என்னம்மா இது?"

"கொள்ளுங்க."

"அது தெரியுது. இப்ப எதுக்கும்மா? அறுப்பெல்லாம் அக்டோபர்லயே முடிஞ்சு போச்சே?"

ராமக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆரு சொன்னது?"

தேவநேசன் ஹெல்மெட் வாரைத் தளர்த்தினார். போதகரின் பெயர் அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் ஓரமா ஒதுக்கிக் குடும்மா. பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. பெங்களூர்லேர்ந்து."

"வரட்டுமுங்க. அதுக்குத்தான பரப்பி வெச்சிருக்குது. வந்து நல்லா ஏத்திட்டுப் போகட்டும்."

"கார்ல இல்ல. சைக்கிள்ல."

அவள் எழுந்து வந்து அவர் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். டயரை இரண்டு விரலால் நசுக்கினாள். "இதென்னுங்க, டயருங்களா, பாவாட நாடாங்களா? இது ஏறி எந்தக் காலத்துல கொள்ளு உதுந்து, நான் எந்தக் காலத்துல வூட்டுக்குப் போறது?"

"அம்மா, இது கவர்மென்ட்டு ரோடும்மா."

"ஆமாங்க. கவர்மென்ட்டு எங்களுக்குப் போட்டுக் குடுத்துது. உங்குளுக்கு எங்க போட்டாங்களோ அங்க போய் ஓட்டுங்க."

சட்டப்படி அவள் செய்வதும் தப்புதான். அதை விளக்க நேரமில்லை. வளைவுக்கு அப்பால் சங்கிலிகளின் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவன் தீபக். அந்த வேகத்தில் அவனால் எதையும் பார்க்க முடியாது, முன்சக்கரத்தைத்தான் பார்ப்பான். மெத்தைக்குள் நுழைந்ததும் கொடி பின்சக்கரக் கியரில் போய்ச் சுற்றிக்கொண்டது. பெடல் நின்றது. பாதம் பெடலோடு பூட்டிய ஷூவுக்குள் இருந்தது. அப்படியே, உட்கார்ந்தவாக்கில், பக்கவாட்டில் சாய்ந்தான். அவனுக்குப் பின்னால் கண் டாக்டர். அவருக்குப் பின்னால் நகைக்கடைக்காரர். ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், வரிசை மாறாமல் சாய்ந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. கொள்ளு நன்றாகக் காய்ந்திருந்தது.

ராமக்காள் கவைக்கோலோடு ஓடினாள். "ஐயோ, நிக்காதீங்க! படுக்காதீங்க! டெம்போ வர்ற நேரமுங்க! எந்திரிங்க சாமி, எந்திரிங்க!"

தீபக் எழுந்து சைக்கிளைத் தூக்கினான். பின்சக்கரம் கோழி அடைகாக்கும் கூடை மாதிரி ஆகியிருந்தது. சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கப் பார்த்தான். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க? என்ர கொள்ள உருவிக் குடுத்துட்டுப் போங்க."

"ஏனு? என்னது?"

"அதுல பாருங்க, எத்தன காயி. அத்தனையும் சுத்திட்டுப் போனா? ஒவ்வொருத்தரும் ஒரு புடி கொண்டுபோனா நான் என்னத்த அளக்கறது?"

பெருங்கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, அவளைத் தாண்டவும் முடியாது. மீன்கொத்திகள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து கியர் பல்லுக்குள்ளிருந்து கொடியை உருவத் தொடங்கினார்கள். பல் டாக்டர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக வந்தது. உருவியதை அவள் முறத்தில் வாங்கிக் கொண்டாள். "காய மட்டும் தனியா போடுங்க கண்ணு. தும்பு வேண்டாம்."

தீபக் தேவநேசனைத் தேடி வந்தான். தலைமுடியில் சருகு. குரல் தாழ்ந்திருந்தது.

"அங்கிள், இது என்ன?"

தேவநேசன் அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் வைஷாலி சைக்கிளைவிட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று இன்னும் தெரியவில்லை. தேவநேசனுக்குள் எங்கிருந்தோ ஏலக் குரல் எழுந்தது.

"வெல்கம் டு கெம்பதொட்டி!" என்றார். "இதுதான் நான் வெச்சிருந்த சர்ப்ரைஸ்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"வெறும் ரோட்ட எங்கயும் பாக்கலாம். இது ஒரிஜினல் ஹார்வெஸ்ட். கையால தொட்டுப் பாருங்க. டாக்டர், நீங்க சும்மா நிக்காதீங்க, உருவுங்க! யாருக்கு ஜாஸ்தி காய் சேருதுன்னு பாப்போம்!" பிறகு ராமக்காளின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். இல்லையாம்மா?"

ராமக்காள் அவர் முகத்தைப் பார்த்தாள். வைஷாலியைப் பார்த்தாள். கூட்டத்தை ஒருதரம் தலை எண்ணினாள்.

"ஆமாங்க," என்றாள். "சாமி போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனாருங்க. வாரவிங்க அத்தன பேருக்கும் எளநி வெட்டச் சொல்லியும் சொன்னாருங்க. எம்பட கொழுந்தன் தோப்புதான். ஏனுங்க சாமி, இப்ப வெட்டச் சொல்லுட்டுங்களா?"

தேவநேசன் தலையை ஆட்டினார். அதன்பின் இளநீர் வெட்டும் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

வைஷாலி பிரமித்துப்போனாள். கொள்ளுக் குவியலில் மல்லாந்து படுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். ராமக்காளின் கவைக்கோலை வாங்கி நான்கு தரம் கிளறினாள், தலைகீழாகப் பிடித்திருந்தாள். "இந்த மாதிரி எங்கயுமே பாத்ததில்ல சார்," என்றாள். வெங்காயத்தை அவள் மறந்துவிட்டாள். வெங்காயத்துக்கு யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்திருக்கவில்லை போலும்.

தீபக் நம்பவில்லை. ஆனால் வைஷாலி நம்பியபின் அவன் நம்பாமலிருப்பதில் குழுவுக்கு லாபமில்லை. "கிரேட் ஐடியா அங்கிள்," என்று கன்னத்திலிருந்து ஒரு காயை எடுத்துப் போட்டான்.

வருடக் கடைசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் வந்தது. 'தேவநேசன் லூப், அறுவடைச் சவாரி'. அவர் பெயர், எழுத்துப் பிழையில்லாமல். கீழே கொள்ளுக் குவியலில் வைஷாலியின் படம். தேவநேசன் அதைப் பெரிதாகப் பிரதி எடுத்து, கூடத்தில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்சம் கீழேதான். சபையில் அறிவிப்பு வேளையில் போதகர் அதைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். அறுப்பின் பண்டிகையில் நம்மிடம் கற்ற அனுபவம் உலகத்துக்குப் பயன்படுகிறது என்றார்.

தேதியை ஈவ்லின்தான் முதலில் படித்தாள். மார்ச் கடைசி.

"அப்ப கொள்ளு இருக்குமா?"

"ஏன் இருக்காது?"

"நான் கேக்கறேன். ஃபார்ம் வெச்சிருக்கறவரு நீங்கதான்."

அவர் வைஷாலியைக் கூப்பிட்டார். ஜனவரியில் குஜராத், பிப்ரவரியில் கோவா, வேறு ஞாயிறே காலி இல்லை என்றாள். "அங்க மார்ச்லயும் அறுவடை உண்டுதானே சார்? போட்டாச்சு. ஹார்வெஸ்ட்டுக்காகத்தான் நெறைய பேர் பேர் குடுத்திருக்காங்க. அது இல்லன்னா இந்த ரூட்ட எடுத்துட்டு வேற போட்டுடலாம்."

"எடுக்காதீங்க," என்றார் தேவநேசன். "எங்க பக்கம் மார்ச்லதான் நல்லா இருக்கும்."

மார்ச் நடுவில் கெம்பதொட்டிக்கு பஸ்ஸில் போனார். ராமக்காளின் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கென்று, கொள்ளுச் சருகு போர் போட்டு வைத்திருந்தது. தேவநேசன் அதை ஆலயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னார். அவளுக்குப் புரிய இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. புரியாமல் இல்லை, இன்னொரு தரம் கேட்க ஆசைப்பட்டாள்.

"காயே இல்லாத சருக ரோட்டுல பரப்போணும். அதுமேல அவிய வந்து உழுவோணும்."

"விழணும்னு இல்ல. ஓட்டுவாங்க."

"உழுவாமப் போனா அவியளுக்கு மனசு ஆறாதுங்களே."

"நான் வெலைக்கு வாங்கிக்கறேம்மா."

"வெலைக்குக் குடுத்துட்டு ஆனி வரைக்கும் மாட்டுக்கு உங்க காலண்டரயா போடறது? வேண்ணா எடுத்துப் பரப்பிக்குங்க. சவாரி முடிஞ்சதும் ஒரு கொத்து கொறையாம வாரி, மறுபடியும் போர் போட்டுக் குடுத்தறோணும்."

"ஆள் வெச்சு..."

"ஆளு ஏதுங்க? அன்னிக்கு உகாதி வருதுல்ல. ஊரே மாதேஸ்வரன் மலைக்குத் தேருக்குப் போயிரும். நானு மாட்டுக்காகத்தான் இருக்கறேன். நீங்களே பண்ணுங்க. நல்ல ஒடம்பு. டவுசரெல்லாம் போட்டுச் சைக்கிள் ஓட்டற ஒடம்பு."

அவர் தீபக்கிடம் முழங்கால் வலி என்றார். தம்மால் அன்று ஓட்ட முடியாது என்றார். வருத்தம் தெரிவிப்பான் என்று எதிர்பார்த்தார்.

"பரவால்ல அங்கிள்," என்றான் தீபக். "ரூட்டுதானே முக்கியம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அந்த ஞாயிறு காலையில் தேவநேசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சருகு சுமந்தார். தும்பு கழுத்துக்குள் இறங்கி அரித்தது. ராமக்காள் மரத்தடியில் உட்கார்ந்து இடம் காட்டினாள். "அங்க மொட்டயா தெரியுதுங்க. இன்னும் ரெண்டு கட்டு கொண்டாங்க." அவர் கொண்டுவந்தார். தூசிக்காகத் துண்டைத் தலையோடு சேர்த்து வாயையும் மூக்கையும் மூடிக் கட்டியிருந்தார். வேறு காரணமும் இருந்தது. கற்களைக்கூட இரண்டு பக்கமும் அழகாக அடுக்கினார். அந்தக் கற்களால் இன்று யாருக்கும் பிரயோசனம் இல்லை. படத்தில் இருந்தன.

சங்கிலிச் சத்தம் கேட்டது. "சைடு, சைடு!" என்று கத்திக்கொண்டு தீபக் வந்தான். தேவநேசன் ஒதுங்கினார். தீபக் சருகுக்கு முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, அவரை உரசாமல் தாண்டிப் போனான். மற்றவர்கள் ஆசையோடு உள்ளே புகுந்து ஆசையோடு விழுந்தார்கள். சென்ற ஆண்டு வந்த கண் டாக்டர் கையில் சருகை எடுத்துப் பார்த்து, "போன தடவ காய் இருந்துச்சே," என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டார்.

பெங்களூர்ப் பையன் ஒருவன் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு அவரருகே வந்தான். கன்னடத்தில் தொடங்கி, அடையாளம் தெரிந்துவிட்டதோ என்று அவர் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான்.

"அண்ணா, நீங்க இந்த ஊரா?"

தேவநேசன் தலையை ஆட்டினார்.

"அந்த தேவநேசன் யாருண்ணா? ரூட்டுக்கு அவர் பேர்தான் வெச்சிருக்காங்க. பழைய திவானா? இந்தக் கால்வா கட்டினவரா?"

தேவநேசன் துண்டின் முடிச்சில் கை வைத்தார். மரத்தடியில் ராமக்காள் வெற்றிலையை மடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சதூரத்தில் வைஷாலி கூட்டத்தை நிறுத்திவைத்து, இந்த ஊர் மக்கள் நூற்றாண்டுகளாக மார்ச் மாதத்தில் இப்படித்தான் அறுவடை செய்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"தெரியலீங்க," என்றார், ராமக்காளின் தமிழில். "பெரிய மனுசரு ஆராவது இருக்கும்."

"இருக்கும்ல?" என்றான் பையன். போனை உயர்த்திப் பார்த்தான். திருப்தியில்லை. "அண்ணா, அந்தப் பக்கம் ரோடு தெரியுது. கொஞ்சம் மூடி விடுங்களேன்."

தேவநேசன் ஒரு கட்டுச் சருகைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.